பி.எட். படிப்பில் கல்வி உளவியல்

மாணவர் எப்படிக் கற்கிறார், சில வேளைகளில் ஏன் கற்க முடியாமல் போகிறது, ஆசிரியர் அதற்கு என்ன செய்யலாம் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தேடும் துறை கல்வி உளவியல். தமிழ்நாட்டில் பெரும்பாலோர் இதைப் பி.எட். வகுப்பில்தான் முதன்முதலாகப் படிக்கிறார்கள். கணிதம், வரலாறு, தமிழ் என எதில் பட்டம் பெற்று வந்தவருக்கும் இது பொதுவான பாடம்.

அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் ஆசிரியர்களுக்காக ஆற்றிய உளவியல் உரைகள் 1899இல் நூலாயின. எட்வர்ட் தார்ண்டைக்கின் ‘கல்வி உளவியல்’ 1903இல் வந்தது. உளவியல் ஓர் அறிவியல், கற்பித்தல் ஒரு கலை. அறிவியலிலிருந்து கலை தானாகப் பிறந்துவிடாது, நடுவில் ஆசிரியரின் சொந்த மதிநுட்பம் வேண்டும் என்பது ஜேம்ஸின் கருத்து. இந்தப் பாடத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு இன்றும் அதுவே நல்ல வழிகாட்டி. ஆசிரியர் பயிற்சிக்குத் தமிழ்நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. இன்று சைதாப்பேட்டையில் உள்ள கல்லூரி 1856இல் தொடங்கியது. அங்கே பயிற்சி பெற்ற சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் பின்னர் உளவியல் அடிப்படைகள் பற்றி நூலே எழுதினார்.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளால் ஓராண்டு பி.எட். இரண்டாண்டுப் படிப்பானது. அதில் 20 வாரங்கள் பள்ளியில் நேரடிப் பயிற்சி. தமிழ்நாட்டின் கல்வியியல் கல்லூரிகளுக்காக 2008இல் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் அமைந்தது. உளவியல் பாடம் பொதுவாக வளர்ச்சி, கற்றல், நினைவு, ஊக்கம், தனியாள் வேறுபாடுகள் என்ற வரிசையில் செல்லும்.

வளர்ச்சிப் பகுதியின் நடுநாயகம் சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே. ஒரே அளவான இரண்டு குவளைகளில் சமமாகத் தண்ணீர் ஊற்றி, ஒன்றிலுள்ளதை ஒடுங்கி உயர்ந்த குவளைக்கு மாற்றினால், ஐந்து வயதுக் குழந்தை உயர்ந்த குவளையில்தான் தண்ணீர் அதிகம் என்று சொல்லும். ஏழெட்டு வயதில் அதே குழந்தை இரண்டும் ஒன்றுதான் என்கிறது. பெரியவர்களின் சிந்தனையே குழந்தையிடம் சிறிய அளவில் இருப்பதில்லை. குழந்தை சிந்திக்கும் முறையே வேறு. தொடக்கப் பள்ளியில் புளியங்கொட்டையும் குச்சியும் வைத்து எண் கற்பிப்பதற்கு இதுவே அடிப்படை. ரஷ்யாவின் லெவ் வைகாட்ஸ்கி இதனோடு இன்னொன்றைச் சேர்த்தார். தனியே செய்ய முடியாத ஒன்றை மற்றவர் துணையோடு மாணவர் செய்ய முடிகிற எல்லைக்குள்தான் கற்பித்தல் பலன் தரும் என்றார். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல் முறை, குழந்தை தன் வேகத்தில் படிப்படியாக முன்னேற இடம் தந்தது. இந்தச் சிந்தனைகள் வகுப்பறைக்கு வந்தால் எப்படியிருக்கும் என்பதை அதில் காணலாம்.

கற்றல் பகுதியில் தார்ண்டைக்கின் முயன்று தவறிக் கற்றல், பாவ்லோவின் ஆக்கநிலையுறுத்தம், ஸ்கின்னரின் வலுவூட்டல், கோலரின் உட்காட்சி வழிக் கற்றல் ஆகியவை வரும். உணவோடு சேர்த்து மணியடித்துப் பழக்கினால் மணியொலிக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்ற பாவ்லோவின் விதி தேர்வு முடிந்ததும் மறந்துவிடக்கூடியது அல்ல. கணக்கு வகுப்பில் தொடர்ந்து அடி வாங்கிய மாணவருக்குக் கணக்கைக் கண்டாலே அச்சம் வருவது இதே விதியின்படிதான். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்திருக்கிறது. அந்தத் தடைக்கான காரணத்தை ஆசிரியர் இந்தப் பாடத்தில் புரிந்துகொள்ள வேண்டும்.

அன்றாட வகுப்புக்கு மிகவும் பயன்படுவது நினைவு பற்றிய பகுதி. ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து சோதித்து, 1885இல் முடிவுகளை வெளியிட்டார். மறதி முதல் நாளிலேயே மிகுதி, பிறகு மெதுவாகும் என்பது அவர் கண்டது. உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தினார்கள்; படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து முந்தினார்கள். வகுப்பின் தொடக்கத்தில் போன வாரப் பாடத்திலிருந்து நான்கு கேள்விகள் கேட்கும் ஆசிரியர் இந்த உண்மையைத்தான் பயன்படுத்துகிறார்.

தனியாள் வேறுபாடுகள் என்ற பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஆல்ஃபிரட் பினே 1905இல் நுண்ணறிவுச் சோதனையை உருவாக்கியது, கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறிவதற்காக. குழந்தைக்கு நிரந்தர முத்திரை குத்துவது அவர் நோக்கம் அல்ல. கண்ணால் கற்பவர், காதால் கற்பவர் என்று மாணவர்களைப் பிரித்து அதற்கேற்பக் கற்பிக்கும் கருத்து பல பாடநூல்களில் இன்றும் இருக்கிறது. அப்படிச் செய்வதால் கற்றல் மேம்படும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என 2008இல் வந்த ஒரு விரிவான ஆய்வு மதிப்புரை காட்டியது. வாய்மொழியாகச் சரியான விடை சொல்லும் மாணவர் எழுத்திலும் வாசிப்பிலும் தொடர்ந்து தடுமாறினால், அது சோம்பலாக இல்லாமல் கற்றல் குறைபாடாக இருக்கலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. அதை முதலில் கவனிக்கக்கூடியவர் வகுப்பாசிரியர்தான். நோயறிந்து சொல்வது அவர் வேலையல்ல. உரிய வல்லுநரிடம் அனுப்புவது அவர் கடமை. மருத்துவ உளவியலாளராகப் பணிபுரியத் தனிப் படிப்பும் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவும் தேவை.

இப்பாடத்தைக் கற்கும்போது நேரும் பெரிய இழப்பு, கோட்பாட்டையும் அதைச் சொன்னவர் பெயரையும் பொருத்துவதோடு படிப்பு முடிந்துவிடுவது. ஆசிரியர் தகுதித் தேர்வில் 150 மதிப்பெண்களில் 30 இந்தப் பாடத்துக்கு ஒதுக்கப்பட்டிருப்பதால் வினா-விடைத் தொகுப்புகளே பலருக்குப் பாடநூலாகிவிடுகின்றன. பொருள் புரியாத மனப்பாடம் விரைவில் மறக்கும் என்று சொல்லும் பாடத்தையே அப்படிப் படிப்பது பொருந்தாது. பயிற்சிப் பள்ளியில் ஒரு மாணவரைப் பல வாரங்கள் உற்றுநோக்கி எழுதும் தனியாள் ஆய்வு இதற்கு நல்ல மாற்று. அந்த மாணவர் எந்த இடத்தில் தடுமாறுகிறார், எந்த உதவி கிடைத்ததும் தொடர்கிறார், வீட்டுச் சூழல் என்ன, நண்பர்கள் யார் என்று குறித்துவைத்து, படித்த கோட்பாடு அதற்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். முந்தைய ஆண்டு ஏட்டைப் பார்த்து நகலெடுக்காமல் இதை உண்மையாகச் செய்பவர், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே தம் வகுப்பு மாணவர்களைத் தனித்தனியாகப் புரிந்துகொள்ளத் தொடங்கிவிடுவார்.