சிபாரிசு கேட்காத வாசல்



"பெரியவளாகி என்ன ஆகப் போற?" என்று கேட்டால் நம் வகுப்பில் பாதிப் பேர் "டாக்டர்" என்போம். ஆனால் நமக்கு எந்த டாக்டரைத் தெரியும்? சீட்டில் மாத்திரை எழுதித் தர்றவரை நமக்குத் தெரியும். அவருக்கு நம்மளத் தெரியாது. டாக்டர் ஆவதற்கு ஒரு டாக்டரின் சிபாரிசு வேண்டுமா? இதைப் பற்றித்தான் என் கருத்தை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் ஆஸ்டியோபதி என்று ஒரு மருத்துவப் படிப்பு உண்டு. ஆன்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பவர் 1892-ல் மிசௌரி மாநிலத்தில் அதற்கு முதல் கல்லூரியைத் தொடங்கினார். அதைப் படித்தவர்கள் அங்கே மற்ற டாக்டர்களைப் போலவே மருந்து எழுதலாம், ஆபரேஷன் செய்யலாம். ஆனால் அதில் சேர நுழைவுத் தேர்வு மார்க் மட்டும் போதாது. சிபாரிசுக் கடிதங்கள் கேட்பார்கள். டாக்டர் கூடவே இருந்து அவர் வேலையைப் பார்த்திருக்கிறாயா என்றும் பல கல்லூரிகள் பார்க்கும்.

"அது நல்லதுதானடி? இரக்கம் இருக்கிறவங்கதானே டாக்டர் ஆகணும். பரீட்சையில இரக்கம் தெரியுமா?" என்று என் தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் டாக்டர் வீட்டுப் பிள்ளையை அவங்க அப்பாவே கூட்டிட்டுப் போவார். அப்பாவின் நண்பர் கடிதம் தருவார். எங்க அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கப் போறாங்க. அவங்க யார்கிட்ட போய்க் கேட்பாங்க? சிபாரிசுக் கடிதத்தில் இரக்கம் தெரியாது. யாருக்கு யாரைத் தெரியும் என்பதுதான் தெரியும்.

நம் ஊர்க் கதையும் இதைத்தான் சொல்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-ல் பட்டம் பெற்றார். அதற்கு முன் புதுக்கோட்டையில் ஆண்கள் படித்த கல்லூரியில் அவரைச் சேர்க்க எதிர்ப்பு வந்தது. மகாராஜாவே அனுமதி தந்தபிறகுதான் படிக்க முடிந்தது. அவ்வளவு கெட்டிக்காரப் பெண்ணுக்கே ராஜா தயவு தேவைப்பட்டது. ராஜா தயவு கிடைக்காத பெண்கள் எத்தனை பேரோ!

பிறகு நேர்முகத் தேர்வு இருந்தது. 1970-ல் நம் மாநில மருத்துவச் சேர்க்கையில் மொத்தம் 275 மார்க்கில் 75 நேர்முகத்துக்கு. பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றமே இது அதிகம் போலத் தெரிகிறது என்றது. நேரில் பார்த்துப் போடும் மார்க்கில் முகம் தெரிந்தவருக்குச் சலுகை வரும் என்ற பயம் யாருக்குத்தான் வராது?

இப்போது நீட். 720 மார்க். சிபாரிசு கேட்பதில்லை. ஆனால் பெரிய பணம் கட்டி வருஷக்கணக்கில் கோச்சிங் போகிறவர்களோடு நாமும் அதே பரீட்சை எழுதணும். சிபாரிசு போய்ப் பணம் வந்து உட்கார்ந்துகொண்டது. அதனால்தான் 2020-ல் தமிழ்நாடு அரசு ஒரு சட்டம் போட்டது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீதம். 2022-ல் சென்னை உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது. இது பிச்சை இல்லை, நம்ம உரிமை. சிதம்பரம் அண்ணாமலை நகரில் இருக்கும் கல்லூரியும் இப்போது அரசு மருத்துவக் கல்லூரிதான். நம்ம ஊரிலிருந்து பஸ்ஸிலேயே போகிற தூரம்.

ஆனால் என் தோழி சொன்னதில் பாதியை நான் ஒத்துக்கொள்கிறேன். டாக்டர் வேலை எப்படி இருக்கும் என்று பார்க்காமலே ஆசைப்படுகிறோம். ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருமா, நாள் முழுக்க நோயாளிகளிடம் பொறுமையாகப் பேச முடியுமா என்பது நமக்கே தெரியாது. இன்னும் இரண்டு வருஷத்தில் பிளஸ் ஒன்னில் குரூப் எடுக்கணும்.

அதனால் தலைமையாசிரியருக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கும் என் வேண்டுகோள் இது. ஒன்பதாம் வகுப்பில் விருப்பமுள்ள எல்லோரையும் ஒரு சனிக்கிழமை பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுமதி வாங்கி அழைத்துப் போங்கள். நோயாளியைப் பரிசோதிக்கும் அறைக்குள் நாங்கள் போக வேண்டாம். அது அவர்கள் அந்தரங்கம். சீட்டு போடும் இடம், மருந்து கொடுக்கும் இடம், லேப், தடுப்பூசி போடும் இடம் பார்த்தால் போதும். டாக்டரோ நர்ஸ் அக்காவோ பத்து நிமிஷம் பேசினால் இன்னும் சந்தோஷம். டாக்டர் வேண்டாம், நர்ஸ் ஆகணும், லேப் டெக்னீஷியன் ஆகணும் என்று சிலருக்குத் தோன்றினால் அதுவும் லாபம்தான்.

அதற்கு மார்க் போடாதீர்கள், சான்றிதழும் தராதீர்கள். தந்தால் அதற்கும் ஒரு சிபாரிசு கிளம்பிவிடும். பார்த்துவிட்டு வந்து நாங்களே முடிவு செய்கிறோம்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
ஸ்ரீமுஷ்ணம்.