போர்ட்டின் மேலேயே எழுதுங்கள்: டெஸ்க்டாப் பயனர்களின் கோரிக்கைச் சாசனம்

டிடிபி மையம், போட்டோ ஸ்டுடியோ, கணக்கு அலுவலகம், வீடு என்று டெஸ்க்டாப் கணினியை நம்பி வேலை செய்பவர்கள் நாங்கள். மதர்போர்டு, கேபினட் தயாரிப்பாளர்களுக்கும், கேபிள் விற்பவர்களுக்கும், இந்திய தர நிர்ணய அமைவனத்துக்கும் இந்தச் சாசனத்தை முன்வைக்கிறோம். டைப்-சி 2014-ல் வந்தது. எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் பொருந்தும் என்றார்கள், பொருந்துகிறது. செருகிய பிறகு அது என்னென்ன செய்யும் என்பதுதான் இன்றுவரை தெரிவதில்லை. காசு கொடுத்து வாங்கும் பொருளின் தரத்தையும் திறனையும் அறியும் உரிமையை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எங்களுக்குத் தந்திருக்கிறது. அந்த உரிமையின் பேரில் கேட்கிறோம்.

1. ஒவ்வொரு போர்ட்டின் பக்கத்திலும் அதன் வேகத்தை அச்சிட வேண்டும். யுஎஸ்பி 3.0 என்று வந்தது, பிறகு 3.1 ஜென் 1 ஆனது, அதன்பின் 3.2 ஜென் 1 ஆனது. பெயர் இரண்டு முறை மாறியும் வேகம் விநாடிக்கு அதே 5 ஜிகாபிட்தான். யுஎஸ்பி தரத்தை வகுக்கும் அமைப்பே 2022-ல், பெட்டியில் இப்படிப்பட்ட பெயர்கள் வேண்டாம், 5, 10, 20, 40 என்று எண்ணைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டது. போர்டின் பின்தகட்டில் எப்படியும் ஏதாவது அச்சிடுகிறீர்கள். கூடவே இரண்டு இலக்கம் சேர்க்க வேண்டியதுதான். அடுத்து வரும் மாடலிலேயே இது நடக்க வேண்டும்.

2. கேபிளின் முனையில் வேகமும் வாட்டும் இருக்க வேண்டும். போனோடு வந்த கேபிளும் எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டியோடு வந்த கேபிளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. போன் கேபிள்களில் பல 480 மெகாபிட்டோடு நின்றுவிடுபவை. 100 ஜிபி கல்யாண வீடியோவை அதில் ஏற்ற அரை மணிக்கு மேல் ஆகும். 10 ஜிகாபிட் கேபிளும் அதற்கேற்ற எஸ்எஸ்டியும் இருந்தால் இரண்டு நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும். 60 வாட், 240 வாட் என்ற முத்திரைகள் ஏற்கனவே வகுக்கப்பட்டவை. முத்திரை இல்லாத கேபிளை விற்பதைக் கடைகள் இந்த ஆண்டோடு நிறுத்த வேண்டும்.

3. தரம் தேறாத கேபிள் கடைக்கு வரக் கூடாது. ஒரு முனை பழைய டைப்-ஏ, மறுமுனை டைப்-சி என்று இருக்கும் கேபிளுக்குள் 56 கிலோஓம் மின்தடை இருக்க வேண்டும். மலிவுக்காக 10 கிலோஓம் வைத்தால், 3 ஆம்பியர் வரை இழுக்கலாம் என்று கருவி நினைத்துக்கொள்ளும். டெஸ்க்டாப்பின் சாதாரண யுஎஸ்பி 2.0 போர்ட் அரை ஆம்பியருக்கு வகுக்கப்பட்டது, 3.0 போர்ட் 0.9 ஆம்பியருக்கு. 2016-ல் கூகுள் பொறியாளர் பென்சன் லியுங் சோதித்தபோது, உள்ளே கம்பிகளை மாற்றி இணைத்திருந்த ஒரு கேபிள் அவருடைய மடிக்கணினியையே பழுதாக்கியது. அதே ஆண்டில் அமேசான், தரத்துக்கு ஒவ்வாத டைப்-சி கேபிள்களின் விற்பனைக்குத் தடை போட்டது. டைப்-சிக்கான இந்தியத் தரநிலையை அமைவனம் 2023 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. இனி கடைத்தெருவில் கேபிளை எடுத்துச் சோதிக்க வேண்டியதுதான் பாக்கி. ஒரு கேபிளால் போர்ட் எரிந்தால் மாற்ற வேண்டியது முழு போர்டையும் என்பதால் இதில் தாமதம் கூடாது.

4. கேபினட்டின் முன்பக்க டைப்-சி போர்ட் வேலை செய்ய வேண்டும். அதன் ஒயரைச் செருக மதர்போர்டில் தனி இணைப்பு தேவை. விலை குறைந்த பல போர்டுகளில் அது இல்லாததால் முன்பக்க போர்ட் அலங்காரமாக நிற்கிறது. இந்த இணைப்பு தேவை என்று கேபினட் பெட்டியிலும், இருக்கிறதா இல்லையா என்று போர்டு பெட்டியிலும் எழுதுங்கள். அசெம்பிள் செய்து தரும் கடைக்காரர் அந்த போர்ட்டை வாடிக்கையாளர் கண்முன் சோதித்துக் காட்டிய பிறகே பணம் வாங்கட்டும்.

5. டைப்-சி வழியே படம் வருமா என்பதைச் சொல்ல வேண்டும். தனி கிராபிக்ஸ் கார்டு போட்ட கணினியில், போர்டின் டைப்-சி போர்ட்டில் மானிட்டரை மாட்டினால் பெரும்பாலும் திரை இருட்டாகவே இருக்கும், அல்லது கார்டை விட்டுவிட்டு பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸிலிருந்து படம் வரும். 2018-ல் வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 20 வரிசை கார்டுகளில் டைப்-சி போர்ட் இருந்தது, 2020-ன் 30 வரிசையில் எடுத்துவிட்டார்கள். மடிக்கணினியின் டைப்-சி போர்ட்டுகளுக்கு மைக்ரோசாஃப்ட் சான்று விதிகள் வகுத்திருக்கிறது. டைப்-சி மானிட்டர்கள் இப்போதே கடைக்கு வந்துவிட்டன. மடிக்கணினிக்கு ஒரு நியாயம், டெஸ்க்டாப்புக்கு ஒரு நியாயம் என்று இன்னும் எத்தனை நாள்?

6. ஒன்றைப் போட்டால் இன்னொன்று நிற்கும் என்றால் அதைப் பெட்டியின் மேலேயே சொல்ல வேண்டும். சில போர்டுகளில் எம்.2 துளையில் எஸ்எஸ்டி போட்டதும் சாட்டா போர்ட்டுகளில் ஒன்றிரண்டு செயலிழக்கும். அதில் இருந்த பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போனதாகப் பயந்து மெக்கானிக்குக்குக் காசு அழுகிறோம். இந்தச் செய்தி கையேட்டின் அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் கிடக்கிறது. அதை விலைக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள்.

7. வயர்லெஸ் மவுஸுக்கு இடம் ஒதுக்க வேண்டும். யுஎஸ்பி 3.0 எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறுக்கிடுகிறது என்று இன்டெல் 2012-லேயே விளக்கி எழுதியது. வேகமான போர்ட்டுகளிலிருந்து தள்ளி இரண்டு யுஎஸ்பி 2.0 போர்ட்டுகளை வைத்து, மவுஸ், கீபோர்டு என்று குறியிடுங்கள். பத்தாண்டுக்கு மேல் தெரிந்த கோளாறுக்கு நாங்கள் இன்னமும் மவுஸை மாற்றிக்கொண்டிருக்க முடியாது.

இவற்றில் எதற்கும் புதுக் கண்டுபிடிப்பு தேவையில்லை. பெரும்பாலானவற்றுக்கு அச்சு மையே போதும். எந்தக் கோரிக்கை எந்த மாதத்துக்குள் நிறைவேறும் என்று ஒவ்வொரு தயாரிப்பாளரும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவிப்பு வரும்வரை, போர்ட்டின் வேகத்தை எழுதாத போர்டை நாங்கள் வாங்கப் போவதில்லை, எங்களிடம் யோசனை கேட்பவர்களுக்குப் பரிந்துரைக்கப் போவதுமில்லை.