குற்றவாளி யார்? அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளுக்கு என்னை அடிக்கடி கூப்பிடுவார்கள். பிரிண்டர் வேலை செய்யவில்லை, தமிழில் டைப் செய்ய முடியவில்லை என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். வேலை முடிந்து காபி வரும் நேரத்தில் வீட்டுப் பையன் மெதுவாக அருகில் வந்து, "சார், இந்தக் கேம்ல கொலை செஞ்சது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்பான். துப்பறியும் கேம் விளையாடுபவர்கள் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இந்த அவசரம் வந்துவிடுகிறது. தேடிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விடை கிடைக்கும். முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை எங்கே கிளிக் செய்ய வேண்டும் என்று காட்டும் வீடியோக்கள் கூட இருக்கின்றன. அதைப் பார்த்து விளையாடுவதும், விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதுவதும் ஒன்றுதான்.

நான் இதில் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு முறை நானே அவசரப்பட்டு ஒரு குற்றவாளியைக் 'கண்டுபிடித்தேன்'. அது கேமில் அல்ல, எங்கள் வீட்டில்.

எங்கள் ஊர் மேல்சித்தாமூர். செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வருபவர்களில் சிலர் எங்கள் ஊர்ப் பார்சுவநாதர் கோயிலையும் சமண மடத்தையும் பார்க்க வருவார்கள். மற்றபடி அமைதியான ஊர். 2012 டிசம்பரில், அரையாண்டு விடுமுறைக்கு என் அக்கா மகன் திண்டிவனத்திலிருந்து வந்திருந்தான். ஒன்பதாம் வகுப்பு. என்னிடம் விண்டோஸ் எக்ஸ்பி போட்ட பழைய கம்ப்யூட்டரும், 'அண்ட் தென் தேர் வேர் நன்' என்ற கேம் சிடியும் இருந்தன. அகதா கிறிஸ்டி 1939-ல் எழுதிய புகழ்பெற்ற நாவலை வைத்து 2005-ல் வெளியான கேம் அது. ஒரு தீவு, ஒரு மாளிகை, பத்து விருந்தாளிகள். ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டே வருவார்கள். நாவலில் வராத பதினோராவது ஆளாக ஒரு படகோட்டி, அவன்தான் நாம்.

பையன் நோட்டுப் புத்தகத்தில் பத்துப் பெயர்களையும் எழுதி வைத்துக்கொண்டு விளையாடினான். எனக்குப் பொறுக்கவில்லை. கல்லூரி நாட்களிலேயே நாவலைப் படித்தவன் என்ற கர்வம் வேறு. "எதுக்குடா கஷ்டப்படற? கொலையாளி இன்னார்தான்" என்று பெயரைச் சொல்லிவிட்டேன். அவன் முகம் வாடிப்போயிற்று. "ஏன் மாமா சொன்னீங்க?" என்றான். அவ்வளவுதான். ஆனாலும் விளையாடுவதை விடவில்லை.

மறுநாள் காலையில்தான் பிரச்சினை. என் மனைவி ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடக் கணக்கு முழுவதும் எக்செல் ஃபைல்களாக ஒரு பென் டிரைவில். வேறு எங்கும் நகல் கிடையாது. (இது முதல் தவறு, செய்தவன் நான்.) முந்தின நாள் காலையில் செஞ்சிக்குப் போய், கலர் பிரிண்ட் எடுக்கும் ஒரு கடையில் அதிலிருந்து நான்கு பக்கம் பிரிண்ட் எடுத்து வந்திருந்தேன். வந்ததும் பென் டிரைவைக் கம்ப்யூட்டரில் ஒரு முறை செருகினேன். ஆன்டி வைரஸ் ஏதோ ஒரு கட்டத்தைக் காட்டியது. படிக்காமல் ஓகே கொடுத்துவிட்டு, பென் டிரைவை எடுத்து மேஜை டிராயரில் போட்டேன். மறுநாள் திறந்தால் ஃபோல்டர் ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு சின்ன அம்புக்குறி. கிளிக் செய்தால் பிழைச் செய்தி. மூன்று வருடக் கணக்கைக் காணோம்!

கம்ப்யூட்டரில் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்திருந்தது யார்? பையன். டிராயர் யார் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது? அவன் கைக்கெட்டும் தூரத்தில். கேமை சேவ் செய்ய இடம் வேண்டும் என்று எதையோ அழித்திருப்பான் என்று நானே ஒரு நோக்கத்தையும் கற்பித்துக்கொண்டேன். வாய்ப்பு, நோக்கம் இரண்டும் இருக்கிறதே! அவன் இல்லை என்று சொல்லச் சொல்ல என் குரல் உயர்ந்தது. கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது என்று தண்டனையும் கொடுத்தேன். "ஏங்க, பச்சப் புள்ளையப் போயி..." என்று மனைவி குறுக்கே வந்தாள். நான் கேட்கவில்லை.

மத்தியானம் வரை அவன் சாப்பிடவில்லை. பிறகு அத்தையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு பென் டிரைவைச் செருகினான். முதலில் அவன் பார்த்தது, நான் பார்க்கத் தோன்றாத ஒன்று. பென் டிரைவ் ஐகானில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்டீஸ் போனான். உள்ளே இருப்பவை வெறும் அம்புக்குறிகள், அதாவது ஷார்ட்கட்டுகள். ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு கேபி. ஆனால் பயன்படுத்தப்பட்ட இடம் என்று காட்டியதோ பல எம்பி. அப்படியானால் ஃபைல்கள் அழியவில்லை, மறைந்திருக்கின்றன! மறைந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும்படி ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மாற்றினான். சிஸ்டம் ஃபைல்களை மறைக்கும் டிக்கையும் எடுத்தான். மூன்று வருடக் கணக்கும் மங்கலான ஐகான்களாக வந்து நின்றது.

அதோடு அவன் நிறுத்தியிருந்தால் நான் இன்றைக்கு இதை எழுதியிருக்க மாட்டேன். ஒரு ஷார்ட்கட்டின் பிராப்பர்டீஸைத் திறந்து, 'கிரியேட்டட்' என்ற வரியை எனக்குக் காட்டினான். முந்தின நாள் காலை 11.18. "அந்தக் கடையில கொடுத்த பில் இருக்கா மாமா?" என்றான். சட்டைப் பையில் இருந்தது. நேரம் 11.26. அவன் திண்டிவனத்தில் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததே மதியம் ஒரு மணிக்கு. கடைக் கம்ப்யூட்டரில் இருந்த வைரஸ் என் ஃபோல்டர்களை மறைத்து, அதே பெயரில் ஷார்ட்கட்டுகளை வைத்திருக்கிறது. வீட்டு ஆன்டி வைரஸ் அந்த வைரஸை அழித்திருக்கிறது; அதனால்தான் ஷார்ட்கட்டுகள் வேலை செய்யவில்லை. அதைத்தான் அந்தக் கட்டம் எனக்குச் சொல்லியிருக்கும்.

இங்கே புதியவர்களுக்கு ஒரு விஷயம். ஒரு ஃபைலின் நேரத்தைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளும்போது ஜாக்கிரதையாக இருங்கள். 'கிரியேட்டட்' என்பது அந்த ஃபைல் அந்த இடத்துக்கு வந்த நேரம். 'மாடிஃபைட்' என்பது உள்ளே இருப்பது கடைசியாக மாற்றப்பட்ட நேரம். ஒரு பழைய ஃபைலை இன்று காப்பி செய்தால், மாடிஃபைட் பழைய தேதியாகவும் கிரியேட்டட் இன்றைய தேதியாகவும் இருக்கும். பிறப்பதற்கு முன்பே மாறிய ஃபைல் போலத் தெரியும்! இரண்டுமே அந்தந்தக் கம்ப்யூட்டரின் கடிகாரத்தை நம்பியவை. கடிகாரம் தப்பென்றால் நேரமும் தப்பு. அதனால்தான் பையன் பில்லைக் கேட்டான். ஒரே சாட்சியை நம்பாமல், அதற்குச் சம்பந்தமில்லாத இன்னொரு சாட்சியைத் தேடினான். முக்கியமாக, எந்த நேரமும் 'எப்போது' என்றுதான் சொல்லும், 'யார்' என்று சொல்லாது.

அன்று சாயங்காலம் கேமை முடித்தான். கொலையாளி நான் சொன்ன ஆள் இல்லை! நாவலைப் படித்தவர்களுக்கும் புதிதாக இருக்கட்டும் என்று கேமைத் தயாரித்தவர்கள் கொலையாளியை மாற்றியிருக்கிறார்கள். ஒரே நாளில் இரண்டு தப்பான தீர்ப்பு. பையன் சிரிக்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தலாக இருந்தது.

பள்ளிக்கூடத்தில் சிலப்பதிகாரம் படித்த எல்லோருக்கும் கோவலன் கதை தெரியும். ஆனால் அதைத் துப்பறியும் கதையாக யோசித்துப் பாருங்கள். அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். அவனே சாட்சியாகவும் நிற்கிறான். கோவலனைப் பார்த்த காவலர்களுக்குச் சந்தேகம் வருகிறது. பார்த்தால் திருடன் மாதிரி இல்லையே என்கிறார்கள். பொற்கொல்லனோ திருடர்களின் மந்திர தந்திரங்களை எல்லாம் அடுக்கி அவர்கள் வாயை அடைக்கிறான். கடைசியில் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். சிலம்புக்குள் இருப்பது முத்தா மாணிக்கமா என்ற ஒரே ஒரு கேள்வியை முதலிலேயே கேட்டிருந்தால் போதும். கண்ணகி வந்து உடைத்துக் காட்டும் வரை யாரும் கேட்கவில்லை. பென் டிரைவில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று நான் பார்க்காததும் அதே ரகம்தான்.

இப்போது கேம்களுக்கு வருகிறேன். என் கருத்து இதுதான்: உங்களைத் தப்பாகக் குற்றம் சாட்ட விடாத கேம், துப்பறியும் கேமே அல்ல. அது படம் பார்ப்பது மாதிரி. அறை அறையாகப் போய் மவுஸ் பாயின்டர் மாறும் இடங்களில் எல்லாம் கிளிக் செய்து பொருட்களைப் பொறுக்கினால், கடைசியில் கதையே கொலையாளியைக் கொண்டுவந்து நிறுத்திவிடும். மேலே சொன்ன அகதா கிறிஸ்டி கேமும் பெரும்பாலும் இப்படித்தான். அழகான கேம், ஆனால் நோட்டுப் புத்தகம் பையனுடைய ஆர்வம். கேம் அதைக் கேட்கவில்லை.

1982-ல் இன்ஃபோகாம் நிறுவனம் வெளியிட்ட 'டெட்லைன்' இதற்கு நேர் எதிர். படமே கிடையாது, எழுத்து மட்டும்தான். துப்பறிய கேமுக்குள் 12 மணி நேரம். கேம் பெட்டிக்குள் பரிசோதனை அறிக்கை, விசாரணைக் குறிப்பு, மாத்திரைகள் என்று நிஜமான தடயங்களையே போட்டுக் கொடுத்தார்கள். அரைகுறை ஆதாரத்தோடு கைது செய்தால் வழக்கு நிற்காது.

2014-ல் வந்த 'ஷெர்லாக் ஹோம்ஸ்: கிரைம்ஸ் அண்ட் பனிஷ்மென்ட்ஸ்' கேமில் ஆறு வழக்குகள். கிடைத்த தடயங்களை ஹோம்ஸின் மூளைக்குள் கோடு போட்டு இணைக்க வேண்டும். ஒரே தடயத்துக்கு இரண்டு அர்த்தம் கொடுக்கலாம். எதை எடுத்துக்கொள்கிறீர்களோ அதற்கேற்ப ஆள் மாறுவார். தப்பான ஆளைப் பிடித்துக் கொடுத்தாலும் கேம் 'தப்பு' என்று கத்தாமல் அடுத்த வழக்குக்குப் போய்விடும். சரியா தப்பா என்று பார்ப்பது உங்கள் இஷ்டம். நான் முதல் வழக்கிலேயே பார்த்துவிட்டேன். என்ன செய்வது, பழக்கதோஷம்!

2011-ல் வந்த 'எல்.ஏ. நொயர்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. (அதை இனிமேல்தான் விளையாடப் போகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) அதில் வரிசையாகச் சில கொலை வழக்குகள். சாட்சியின் முகத்தைப் பார்த்து, சொல்வது உண்மையா பொய்யா என்று முடிவு செய்து ஆட்களைப் பிடித்து உள்ளே தள்ளுவீர்கள். பாராட்டும் கிடைக்கும். பிறகுதான் தெரியும், கொலையாளி வேறு ஒருவன், நீங்கள் பிடித்தவர்கள் அந்தக் கொலைகளைச் செய்யவே இல்லை என்று. நிறையப் பேருக்கு இது பிடிக்கவில்லை, ஏமாற்றிவிட்டார்கள் என்றார்கள். எனக்கு மட்டும் 2012 டிசம்பர் ஞாபகம் வந்தது.

மூன்று கேம்களையும் வாங்கச் சொல்லி இதை எழுதவில்லை. கடைசியில் சொன்ன கேம் சிறுவர்களுக்கானது அல்ல. ரத்தமும் கொடூரமும் உண்டு. வாங்குவதற்கு முன் வயது வரம்பையும், உங்கள் கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் திறன் போதுமா என்பதையும் பாருங்கள். இன்னொரு தடை ஆங்கிலம். இந்தக் கேம்களில் ஒரு வார்த்தை புரியாவிட்டால் ஒரு தடயமே போய்விடும். சங்கர்லாலும் கணேஷ்-வசந்தும் துப்பறிந்த மொழியில் அப்படி ஒரு கேமை நான் இதுவரை விளையாடவில்லை என்பது எனக்குப் பெரிய குறைதான். அதுவரை சப்டைட்டிலை ஆன் செய்துகொண்டு, டிக்ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அல்லது கேமே வேண்டாம், நான்கைந்து சீட்டில் ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று எழுதிக் குலுக்கிப் போடுங்கள். போலீஸ் தப்பான ஆளைக் காட்டினால் போலீஸுக்குப் பூஜ்யம். நம் ஊர் விளையாட்டில் அந்த விதி எப்போதோ வந்துவிட்டது.

என் மருமகன் இப்போது சென்னையில் வேலை பார்க்கிறான். போன பொங்கலுக்கு வந்தபோது லேப்டாப்பில் 'ரிட்டர்ன் ஆஃப் தி ஒப்ரா டின்' என்ற கேமைப் போட்டுக் கொடுத்தான். லூகாஸ் போப் என்பவர் 2018-ல் வெளியிட்டது. கறுப்பு வெள்ளைப் புள்ளிகளால் வரைந்த மாதிரியான படம். 1807-ல் ஆளில்லாமல் கரைக்கு வந்த ஒரு கப்பல். அதில் இருந்த 60 பேரில் யார் யார், யாருக்கு என்ன ஆயிற்று, யார் கையால் என்று கண்டுபிடிக்க வேண்டும். நாம் கிழக்கிந்தியக் கம்பெனியின் இன்ஸ்பெக்டர். கப்பலில் இந்திய மாலுமிகளும் உண்டு. ஒரு பெயரைப் போட்டவுடன் சரியா என்று சொல்லிவிடாது. மூன்று பேருடைய விதியைச் சரியாக எழுதினால்தான் ஒப்புக்கொள்ளும். சும்மா மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் வேலை பெரும்பாலும் நடக்காது. பேச்சு வழக்கு, உடை, யார் யாருக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்று பார்த்துப் பார்த்துத்தான் பெயர் வைக்க வேண்டும். நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

அவன் அதை எப்போதோ முடித்துவிட்டான். போனில் பேசும்போது, "எத்தனை பேர் மாமா ஆச்சு?" என்று கேட்பான். ஒரு பெயரையும் சொல்ல மாட்டான். நானும் கேட்பதில்லை. 48 பேர் ஆகியிருக்கிறது, 12 பேர் பாக்கி.