பெட்ரோல் விலை ஏறினால் ஊருக்கு நல்லதா?

பெட்ரோல், டீசல் விலை ஏறும்போதெல்லாம் ஒரு வாதமும் கூடவே கிளம்புகிறது. விலை ஏறட்டும், வண்டி ஓட்டுவது குறையும், புகையும் நெரிசலும் விபத்தும் குறையும், ஜனங்கள் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் மாறுவார்கள், வசூலாகும் வரி மக்களுக்கே திரும்பும் என்கிறார்கள். நல்ல மனதோடு சொல்பவர்களே அதிகம். மெட்ரோ ரயில் ஓடுகிற ஊரில் இருந்து பார்த்தால் நியாயமாகக்கூடத் தோன்றும். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் வைத்துப் பார்த்தால் இதில் எதுவும் நிற்கவில்லை.

ஓட்டம் குறையும் என்கிறார்களே, யாருடைய ஓட்டம்? போடி, தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூர் வட்டாரத்திலிருந்து விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்புகின்றன. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாகக் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி ஆட்களை ஏற்றிப் போகிற வண்டிகள். ஏறுபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வேலை மலைக்கு மேலே, வீடு கீழே. சாயங்காலம் திரும்பியாக வேண்டும். இந்தப் பயணத்தில் எதைக் குறைப்பது? வேலைக்குப் போகாமல் இருந்தால்தான் குறையும். டீசல் ஏறினால் ஜீப்காரருக்கு இரண்டே வழி: வாடகையைக் கூட்டலாம், அல்லது ஆளைக் கூட்டலாம். வாடகை கூடினால் அது கடைசியில் கூலியைத்தான் அரிக்கும். ஆளைக் கூட்டினால், கொண்டை ஊசி வளைவுகளில் ஒருவர் மடிமேல் ஒருவராகப் போக வேண்டியதுதான். ஆள் நிரப்பிய ஜீப்புகள் மலைப்பாதையில் கவிழ்ந்து தோட்டத் தொழிலாளர்கள் இறந்த செய்தி இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. விலை ஏறினால் விபத்து குறையும் என்பவர்களின் கணக்கில் அந்தப் பெண்கள் இல்லை.

திராட்சைக்கும் இதே கதிதான். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது; எல்லோரும் பெருமைப்பட்டோம். பறித்த பழம் காத்திருக்காது, அன்றே வண்டி ஏறியாக வேண்டும். கமிஷன் மண்டியில் விலையைத் தீர்மானிப்பது விவசாயி அல்ல. கமிஷன், ஏற்றுகூலி, வண்டி வாடகை எல்லாம் கழித்து மிஞ்சுவதே அவர் கைக்கு வருகிறது. டீசல் ஏறியதற்காக ஒரு பெட்டிகூட ஊரிலேயே தங்கப்போவதில்லை, கைக்கு வருவதுதான் சுருங்கும்.

பெரிய கார் வைத்திருப்பவர்தான் அதிகம் கட்டுகிறார், அதனால் இது நியாயமான வரி என்பது இன்னொரு வாதம். லிட்டருக்கு இவ்வளவு என்று போடுகிற வரி ஆளைப் பார்க்காது. தோட்ட முதலாளியின் காரும், புல்லுக்கட்டை வைத்துக்கொண்டு வரும் டிவிஎஸ் எக்ஸ்எல்லும் ஒரு லிட்டருக்கு ஒரே வரியைத்தான் கட்டுகின்றன. முன்னவருக்கு அது செலவில் ஒரு துளி, பின்னவருக்குப் பெரும் பாரம். 2021 ஆகஸ்டில் தமிழக நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் பெட்ரோல் வரியில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தபோது சுட்டிக்காட்டியது, மாநிலத்தில் ஓடும் இரண்டரைக் கோடிக்கும் அதிகமான இருசக்கர வாகனங்களையும் அவற்றை ஓட்டும் உழைப்பாளிகளையும்தான்.

பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் மாறுவார்கள் என்ற வாதத்தைக் கேட்டால்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் கடைசியில், 1928ல் தொடங்கிய மதுரை–போடி மீட்டர்கேஜ் ரயில் அகலப்பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்டது. 90 கிலோமீட்டர் பாதை. தேனிக்கு மீண்டும் ரயில் வந்தது 2022 மே மாதம். போடிக்கு 2023 ஜூன். நடுவில் 2014ல் டீசலும் கட்டுப்பாட்டிலிருந்து போனது, 2021ல் பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டியது. விலை ஏறிய அத்தனை ஆண்டுகளும் மாறுவதற்கு ரயிலே இல்லை. வந்த ரயிலும் காலையில் மதுரையிலிருந்து புறப்பட்டு மாலையில் திரும்புவதாகத்தான் தொடங்கியது. காலையில் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டிய போடிக்காரருக்கு அதனால் என்ன பயன்? கம்பத்துக்கோ இன்றும் தண்டவாளமே கிடையாது.

பஸ்ஸும் டீசலில்தான் ஓடுகிறது. 2018 ஜனவரியில் அரசு பஸ் கட்டணத்தை உயர்த்தியபோது சொன்ன காரணங்களில் டீசல் விலையும் ஒன்று. பஸ்ஸுக்கு ஆளைச் சேர்க்க வேண்டிய விலையேற்றம் பஸ் டிக்கெட்டையும் ஏற்றியது. டவுன் பஸ்ஸில் பெண்கள் கூட்டம் உண்மையிலேயே கூடியது 2021 மே மாதத்துக்குப் பிறகு, கட்டணமில்லாப் பயணம் வந்ததும்தான்.

வரி மக்களுக்கே திரும்புமா? 2020 மே மாதம் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் சரிந்து கிடந்தபோது, மத்திய அரசு பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் கலால் வரியைக் கூட்டியது. செஸ்ஸாகவும் சிறப்பு வரியாகவும் போடப்பட்டதால், மாநிலங்களோடு பங்கிடும் வரித்தொகுப்பில் அது சேரவில்லை. பஸ் விடுவது மாநிலம், வசூல் போனது டெல்லிக்கு.

நெரிசலும் புகையும் பொய் என்று நான் சொல்லவில்லை. கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வண்டிகள் குமுளிப் பாதையை அடைத்துக்கொள்ள, போக்குவரத்தைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிட வேண்டியிருக்கிறது. ஆந்திராவிலிருந்து மாலை போட்டு வருகிறவர் லிட்டருக்கு 5 ரூபாய் ஏறியதென்று திரும்பிப் போய்விடுவாரா? எல்லைக்கு அந்தப் பக்கம் நிலைமை இன்னும் தெளிவு. கேரளத்தில் பெட்ரோல் சில ரூபாய் அதிகம். 2023 ஏப்ரலில் சமூகப் பாதுகாப்புக்கென்று இன்னும் 2 ரூபாய் கூட்டினார்கள். இடுக்கி வண்டிகள் மலையிறங்கி வந்து நம் பக்கத்து பங்க்குகளில் நிரப்பிக்கொண்டு போகின்றன. விலை ஏறியதால் ஓட்டம் கூடுகிறது!

கட்டணம் போடுவதென்றால் மாற்று வழியும் கூடவே வர வேண்டும். லண்டனில் 2003ல் நகர மையத்துக்குள் நுழையும் கார்களுக்குக் கட்டணம் போட்டார்கள். கூடுதல் பஸ்களையும் அதோடு சேர்த்தே இறக்கினார்கள், வசூலைப் போக்குவரத்துக்கே செலவிட்டார்கள். இங்கே தேவை, போடியிலிருந்து காலையில் மதுரைக்குப் புறப்படும் ஒரு ரயில், தோட்ட வேலைக்குப் போகும் நேரத்தில் மெட்டு ஏறும் அரசு பஸ்கள், திண்டுக்கல்லிலிருந்து கம்பம் வழியாக லோயர் கேம்புக்கு ஒரு ரயில் பாதை. அந்தப் பாதையைக் கேட்டு இந்த ஊர்க்காரர்கள் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். விலையேற்றத்துக்கு வக்காலத்து வாங்குபவர்கள் முதலில் அவர்களோடு வந்து நிற்கட்டும்.