ஒரே வயரு, அவங்க சொல்றதுதான் வெலை

போன வாரம் சின்ன வெங்காயம் ஏத்திக்கிட்டு மண்டிக்குப் போனேன். மூட்டையில கைய விட்டுப் பார்த்துட்டு வியாபாரி ஒரு வெலை சொன்னார். அதுதான் வெலை. வீட்டுக்கு வந்தா வாசல்ல கேபிள்காரர் நிக்கிறார். அவரும் ஒரு தொகை சொன்னார். அதுவும் அதேதான். விக்கப் போனாலும் அடுத்தவன் சொல்ற வெலை, வாங்கப் போனாலும் அடுத்தவன் சொல்ற வெலை.

"கேபிளுக்குத்தான் அரசாங்கம் கட்டுப்பாடு போட்டிருக்கே"ன்னு டீக்கடையில ஒரு தம்பி சொன்னார். போட்டிருக்கு தம்பி. அது யாரைக் கட்டுப்படுத்துதுன்னு பார்ப்போம்.

2007-ல கலைஞர் ஆட்சியில அரசு கேபிள் நிறுவனம் ஆரம்பிச்சாங்க. மக்கள் மேல திடீர்னு வந்த பாசம் இல்ல. மாறன் சகோதரர்களோட அப்ப குடும்பச் சண்டை. 2008 கடைசியில சண்டை தீர்ந்துச்சு, அரசு கேபிளும் படுத்துக்கிச்சு. 2011-ல ஜெயலலிதா வந்து தூசி தட்டி எழுப்பி, மாசம் 70 ரூபாய்னு அறிவிச்சாங்க. பெரிய எடத்துல சண்டை வந்தா நமக்கு வெலை குறையும். இதுக்குப் பேரு போட்டியா?

அப்புறம் டெல்லியில இருக்கிற டிராய் புதுச் சட்டம் கொண்டாந்துச்சு. 2019 பிப்ரவரியில நடைமுறைக்கு வந்துச்சு. "பார்க்கிற சேனலுக்கு மட்டும் காசு குடுங்க"ன்னாங்க. கேக்க இனிப்பாத்தான் இருந்துச்சு. அப்பத்திக் கணக்கைப் பாருங்க. 100 சேனலுக்கு அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், 18 சதவீதம் வரியோட 153 ரூபாய் 40 காசு. அதுக்கு மேல சன் டிவி 19, கே டிவி 19, விஜய் டிவி 17. மூணுக்கும் வரி சேர்த்தா 64 ரூபாய் 90 காசு. ஆக மொத்தம் 218 ரூபாய் 30 காசு. மூணே மூணு சேனலைத் தனியா கேட்டதுக்கு!

அந்த 19 எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா? ஒரு சேனலைத் தொகுப்புல சேர்க்கணும்னா 19 ரூபாய்க்கு மேல வெலை வைக்கக் கூடாதுன்னு டிராய் சொல்லிச்சு. பெரிய சேனலெல்லாம் நேரா 19-லயே போய் உக்காந்துக்கிச்சு. கோடு போட்ட எடமே வெலையாயிருச்சு. 2020-ல அதை 12 ஆக்கப் பார்த்தாங்க. சேனல்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2022 நவம்பர்ல திரும்பவும் 19. 2024 ஜூலையில அந்த 130 ரூபாய் உச்சவரம்பையும் எடுத்தாச்சு. சேனலுக்கு மணிக்கு 12 நிமிஷம் விளம்பரம் போட்டுக்க வேற அனுமதி இருக்கு. அந்தப் பக்கமும் காசு, நம்ம பக்கமும் காசு. என் வெங்காயத்துக்கு 19 ரூபாய்க்குக் கீழ வாங்கக் கூடாதுன்னு யாராவது கோடு போட்டாங்களா?

கேபிள்காரரைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல. அவரு தூக்கிக் குடுத்தது போக மிச்சத்துலதான் பொழைக்கணும். வயரு அறுந்தா மழையில ஏறிக் கட்டுறவரும் அவருதான். ஆனா எங்க ஊருக்கு வர்றது ஒரே வயரு. ஜெயங்கொண்டம் பக்கம் என் பொண்ணு வீட்டுலயும் இதே கதைதான். பிடிக்கலன்னா டிஷ்ஷுக்கு மாறலாம்னு சொல்லுவாங்க. மாறினா பழைய செட்டாப் பாக்ஸ் குப்பை, புதுப் பாக்ஸுக்குத் தனிக் காசு. காசே வேண்டாம்னா தூர்தர்ஷனோட பிரீ டிஷ் இருக்கு, ஆனா அதுல நெறைய இந்தி. எங்கம்மா அதைப் பார்த்து என்ன பண்ணும்?

"செல்போன்ல பாருங்க"ன்னு பேரன் சொல்றான். எண்பது வயசுக் கெழவிக்கு அந்தச் சின்னக் கண்ணாடியில என்ன தெரியும்? ராத்திரி வெளக்கு அணைக்கிற வரைக்கும் அதுக்குத் தொணை அந்த டிவிதான்.

வெலைக்குக் கோடு போட்டது போதும். நமக்கு வேண்டியது மாறிக்கிற வசதி. 2011-லேர்ந்து செல்போன் நம்பரை மாத்தாம கம்பெனியை மாத்துறோம். அதே மாதிரி ஒரே பாக்ஸை எந்தக் கம்பெனிக்கும் பயன்படுத்தலாம்னு 2020-ல டிராயே பரிந்துரை பண்ணிச்சு. அது காகிதத்துலயே கெடக்கு, எங்க வீட்டுக்கு இன்னும் வரல. அதைச் சட்டமாக்குங்க. "போய்ட்டு வர்றேன்"னு நாம சொல்ல முடிஞ்சாத்தான் அவங்க வெலையைக் குறைப்பாங்க.

ஓட்டு கேட்டு வர்றவங்க கிட்ட இலவசம் கேக்காதீங்க. இதைக் கேளுங்க.