போதும் என்று சொல்ல ஓர் அட்டை



சுனாபட்டியிலிருந்து ஒரு சகோதரி எழுதிக் கேட்டிருக்கிறார்: "என் மகன் கல்லூரி நண்பர்களோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஏதோ கதை விளையாட்டு ஆடுகிறான். நடுவில் எக்ஸ் என்று எழுதிய அட்டை ஒன்றை வைக்கிறார்கள். இது மாந்திரீகமா?" பயப்படாதிருங்கள், சகோதரி. ஆயினும் அந்த அட்டையைக் குறித்துப் பேச வேண்டியது உண்டு.

1974இல் அமெரிக்காவில் வெளியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகை ஆட்டங்களுக்கு முன்னோடி. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமேற்றுப் பேசுவார்கள். பகடை உருட்டி முடிவு காண்பார்கள். 1980களில் அந்நாட்டுக் கிறிஸ்தவர்கள் இதற்கு மிகவும் அஞ்சினார்கள். தன் மகனின் தற்கொலைக்கு இவ்வாட்டமே காரணம் என நம்பிய பாட்ரிசியா புல்லிங் என்ற தாயார் 1983இல் எதிர்ப்பு இயக்கம் தொடங்கினார். மறு ஆண்டு ஜாக் சிக் இதைக் கண்டித்துத் துண்டுப்பிரதி வெளியிட்டார். பின்னர் நடந்த ஆய்வுகள் அத்தொடர்பை நிலைநாட்டவில்லை. அந்தத் தாயின் துக்கம் மெய்யானது. அவர் காட்டிய காரணம்தான் நிற்கவில்லை.

கதைக்குள் வரும் பிசாசைவிட, ஆடுகிறவன் உள்ளத்தில் ஏற்கெனவே இருக்கும் காயமே அபாயமானது. தண்டவாளத்தில் அண்ணனைப் பறிகொடுத்த வாலிபன் ஒருவன் மேசையில் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதையை நடத்துகிறவர், ஒன்றும் அறியாமல், ரயில் விபத்தொன்றை விவரிக்கத் தொடங்குகிறார். எல்லோரும் உற்சாகமாயிருக்கிறார்கள். அவன் என்ன செய்வான்?

இதற்காகவே ஜான் ஸ்டாவ்ரோபூலோஸ் என்பவர் 2013 வாக்கில் எக்ஸ் அட்டையை வகுத்தார். யார் வேண்டுமானாலும் அதைத் தொடலாம். தொட்டால் அந்தக் காட்சி விலக்கப்படும். காரணம் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பத்தாண்டு முன்னரே ரான் எட்வர்ட்ஸ் 'கோடு', 'திரை' என்று இரண்டைச் சொல்லியிருந்தார். கோட்டுக்கு அப்பாலுள்ளது கதையில் வரவே கூடாது. திரைக்குப் பின்னுள்ளது நடந்ததாகக் கொள்ளப்படும், ஆனால் விவரிக்கப்படாது.

இவற்றின்பேரில் ஆட்டக்காரருக்குள் பெரிய வாக்குவாதம். பயமூட்டும் கதை பயமூட்டத்தானே வேண்டும், நண்பர்களுக்குள் அட்டை எதற்கு என்பது ஒரு சாரார் கட்சி. இது எனக்குப் பெரிதாகப் படவில்லை. வேறு சிலர் சொல்வது கனமானது: உண்மையில் கலங்கிப்போனவனுக்குக் கை நீட்டவும் பெலன் இராது, அட்டையை வைத்துவிட்ட தலைவரோ தன் கடமை முடிந்ததென்று இருந்துவிடுவார். காயப்பட்ட சிலர் காட்சியை அகற்றும்படி கேட்பதில்லை; அது எப்படி முடியவேண்டும் என்பதைத் தாங்களே சொல்ல விரும்புகிறார்கள். இவர்களுக்காக, மனந்திறந்து பேசி, கதையின் அவ்விடத்தை அவர்கள் கையிலேயே ஒப்படைக்கும் 'லக்ஸ்டன் முறை' என்றொன்றும் உண்டு.

வேஷத்துக்கு வேலி போடுவது தமிழருக்குப் புதிதன்று. தஞ்சை மாவட்டம் மெலட்டூரில் நடைபெறும் பாகவத மேளாவில், பிரகலாத சரித்திரத்தின் முடிவில் நரசிம்ம முகமூடி அணிந்தவர் ஆவேசத்தில் இரணியன்மேல் பாய்வார். அவரைப் பிடித்து நிறுத்தவே ஆட்கள் நிற்பார்கள். அவர்கள் வழிபாடு நம்முடையதன்று. ஆயினும் நடிப்பு எல்லை மீறக்கூடும் என்று அறிந்து, ஆட்டக்காரனிடமே பொறுப்பை விட்டுவிடாமல் பக்கத்தில் ஆள் நிறுத்தியதைக் கவனியுங்கள். அட்டையில் எனக்குத் தோன்றும் குறை இதுவே. அது தொடுவான் என்று காத்திருக்கிறது. பிடிக்க ஒருவரும் நிற்பதில்லை.

இருந்தும் அட்டை வேண்டும் என்பதே என் எண்ணம். கதையை நடத்துகிறவர் வயதில் மூத்தவராயிருந்தால், 'அண்ணா, போதும்' என்று வாயால் சொல்ல நம் பிள்ளைகளுக்கு எளிதில் வராது. நம் வீடுகளில் அப்படித்தான் வளர்த்திருக்கிறோம். பெரிய வெள்ளி நாடகத்தில் சாட்டையடி வாங்கும் வாலிபனுக்கும், விடுமுறை வேதாகமப் பள்ளிக் குறுநாடகத்தில் குடிகாரத் தகப்பனாக நடிக்கவேண்டிய பையனுக்கும், அவன் வீட்டிலேயே அப்படி ஒரு தகப்பன் இருந்தால், என்ன அட்டை வைத்திருக்கிறோம்? ஒத்திகையில் சிரிக்கிறான், ஆகையால் நன்றாயிருக்கிறான் என்று எண்ணிக்கொள்கிறோம்.

சகோதரி, மகனைத் தடுப்பதற்கு முன் சிலவற்றைக் கேளுங்கள். கதையை நடத்துகிறவர் யார், அவருக்கு வயது என்ன? ஆட்டம் தொடங்குமுன் எது வேண்டாம் என்று பேசிக்கொண்டார்களா? அதுவரை அந்த அட்டையை யாராவது தொட்டதுண்டா? தொட்டிருந்தால், அன்று ஆட்டம் முடிந்தபின் அவரோடு ஸ்டேஷன் வரைக்கும் நடந்து சென்றது யார்?