கரையோரப் புகையிரதமும் மூன்றாம் வகுப்புப் பிரயாணியும்

அழகு யாருக்கு உரியது என்னும் வினாவை நம்மவர் பலர் கவிதையையும் நாவலையும் வைத்து மட்டுமே எழுப்பி வந்துள்ளனர். அவ்வினாவைக் கடற்கரையில் வைத்தும் எழுப்ப வேண்டும் என்பதே நமது கட்சி. கொழும்பு கோட்டையிலிருந்து காலி வழியாகச் செல்லும் கரையோரப் புகையிரதப் பாதை 1895இல் மாத்தறையையும் 2019இல் பெலியத்தையையும் எட்டியது. இந்நாட்டின் தலைசிறந்த காட்சிகளுள் ஒன்றை, மூன்றாம் வகுப்புச் சீட்டு வாங்கும் எவருக்கும் அது காட்டுகிறது. இது எவரும் இட்ட பிச்சையன்று. பொதுப்பணத்தில் பொதுத்துறை நடத்தும் சேவையின் பயன். இப்பயனை மதியாத இரு சாரார் நம்மிடையே உளர். அவர்களை இனங்காண்பது அவசியம்.

முதலிற் பாதையைக் காண்போம். தெற்கு நோக்கிச் செல்பவர் வலப்பக்க யன்னலோரம் அமர்ந்தால் கொள்ளுப்பிட்டியிலிருந்தே கடல் உடன்வரும். பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பகுதிகளில் தண்டவாளத்துக்கும் அலைக்கும் இடையே கருங்கற் குவியலே வேலி. களுத்துறையில் களுகங்கைப் பாலமும் ஆற்றங்கரையில் வெண்ணிறத் தாதுகோபமும் தோன்றும். அப்பால் தென்னஞ்சோலைகள், பெந்தோட்டை ஆறு, அம்பலாங்கொடை, ஹிக்கடுவை. காலி நிலையத்தில் வண்டி முன்பின்னாகத் திசைமாறியே மாத்தறைக்குப் புறப்படும். அதுவரை கடலைக் கண்ட பக்கத்தார் இனி நிலத்தைக் காண்பர். நிலத்தைக் கண்டவர்க்குக் கடல் கிடைக்கும். சமத்துவக் கொள்கை எதனையும் மனத்திற்கொண்டு அமைக்கப்படாத அந்த நிலையங்கூடக் காட்சியைப் பங்கிட்டுக் கொடுக்கின்றது!

முதற் சாரார், பிரயாணக் கட்டுரை எழுதும் இரசிகர். குறைந்த செலவில் ஊர் காண்பதை நாம் பழிக்கவில்லை. பெருஹோட்டலின் தோட்டத்திலிருந்து கடலைப் பார்ப்பவனைவிட, புகையிரதத்தில் இறால் வடை வாங்கித் தின்றபடி பார்ப்பவன் நமக்கு நெருங்கியவனே. ஆயின் இவ்விரசிகர், வாசலில் தொங்கியவாறு கடற்காற்றை நுகர்வதே இப்பாதையின் தனிச்சுவை என்று எழுதுகின்றனர். அதே மிதிபலகையில் மாலைதோறும் பாணந்துறைக்கும் மொறட்டுவைக்கும் தொங்கிச் செல்லும் எழுதுவினைஞனும் கடைச்சிப்பந்தியும் சுவைக்காகவா தொங்குகின்றனர்? உள்ளே நிற்க இடமில்லை, ஆகவே தொங்குகின்றனர். ஒருவனுக்குப் புகைப்படமாவது மற்றவனுக்கு உயிராபத்து. நெரிசலை அழகென்று வருணிக்கும் எழுத்து, மேலதிகப் பெட்டிகள் வேண்டும் என்ற கோரிக்கையை மறைக்கும் திரையேயன்றி வேறில்லை.

இரண்டாம் சாரார் நட்டக் கணக்கர். புகையிரதம் நட்டத்தில் ஓடுகின்றது, கட்டணத்தை உயர்த்துக, அல்லது தனியாரிடம் விடுக என்பது இவர்களின் மந்திரம். நாம் கேட்கின்றோம்: ஊர்ச் சாலையில் நடப்பவனிடம் எவரேனும் இலாபக் கணக்குக் கேட்டதுண்டா? 2011இல் கொழும்புப் புறநகரிலிருந்து காலிக்குத் திறக்கப்பட்ட தெற்கு அதிவேகப் பாதை வெளிநாட்டுக் கடனில் அமைந்தது. அதில் மோட்டார் சைக்கிளுக்கும் முச்சக்கர வண்டிக்கும் இடமில்லை. பஸ்ஸிற் செல்வதானாலும் கூடிய கட்டணம். கடலைவிட்டு விலகி உள்நிலத்தே செல்லும் அப்பாதைக்கு வராத நட்டக் கவலை, பாமரனின் புகைவண்டிக்கு மட்டும் வருவானேன்? 1958இல் பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டபோது ஏற்கப்பட்ட கொள்கை யாது? பிரயாணம் ஒரு பொதுத்தேவை என்பதே. 1979இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் வழிதிறந்ததோடு அக்கொள்கை தேயலாயிற்று. 2022இன் நெருக்கடியில் எரிபொருளுக்காக வாகனங்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, மக்கள் புகையிரதத்தையே நாடினர். அதே ஆண்டில் அதன் கட்டணமும் உயர்ந்தது. உயர்ந்த கட்டணத்தால் முதலிற் கைவிடப்படுவது எது? வேலைக்குப் போவதைத் தொழிலாளி நிறுத்த முடியாது. பிள்ளைகளைக் கடல் காட்ட அழைத்துச் செல்வதையே நிறுத்துவான்.

இப்பாதை எவரின் உழைப்பால் நிற்கின்றது என்பதையும் மறத்தல் தகாது. 2004 டிசம்பர் 26இல் பெரலிய என்னும் இடத்தில் கடல் ஒரு புகையிரதத்தையே விழுங்கிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாதை பல இடங்களிற் சிதைந்தது. ஆயினும் இரண்டு மாதங்களுக்குள், 2005 பெப்ரவரியிலே, புகையிரதத் தொழிலாளர் அதனை மீண்டும் இயங்கச் செய்தனர். இன்று யன்னலோரம் அமர்ந்து இயற்கையின் எழிலை மட்டும் வியப்பவர், காலடியில் ஓடும் தண்டவாளம் மனிதனின் கைவண்ணம் என்பதையும் எண்ணிப்பார்க்கட்டும்.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் நாம் கூறுவது இதுவே. சுற்றுலா என்றதும் தனி பஸ் வாடகைக்கு அமர்த்தி, பணம் கட்ட இயலாத பிள்ளையை வீட்டில் விட்டுச்செல்லும் வழக்கம் மாறவேண்டும். 1990இல் அறுந்த யாழ்ப்பாணப் புகையிரதத் தொடர்பு 2014இல் மீண்டது. வடக்கிலிருந்து வரும் மாணவன் கோட்டையில் வண்டி மாறினால் தெற்கின் கடலைக் காணலாம். அக்கடலோரத்தே வாழும் சிங்கள உழைப்பாளியின் அருகே, ஒரே பலகை ஆசனத்தில் அமரலாம். மேடைப்பேச்சுக்கள் சாதிக்காததை அந்த மூன்று மணிநேரம் ஓரளவேனும் சாதிக்கும்.

ஆனால் பார்த்து மகிழ்ந்து திரும்புவதோடு நமது கடமை முடிந்துவிடாது. மேலதிகப் பெட்டிகள் வேண்டும். உழைப்பாளிக்கு எட்டும் கட்டணம் வேண்டும். பெண்களும் முதியோரும் அச்சமின்றி ஏறியிறங்கும் நிலையங்கள் வேண்டும். உல்லாசப் பிரயாணிக்கெனச் சொகுசுப் பெட்டி பூட்டுவதானால் பூட்டட்டும். அதற்காக மூன்றாம் வகுப்புப் பெட்டி ஒன்றேனும் கழற்றப்படலாகாது. உழைப்பாளியின் குழந்தை ஓர் யன்னலோர இடத்தில் அமர்ந்து கடலைக் காண்பது ஆடம்பரமன்று, அதன் உரிமை. அவ்வுரிமையைக் கேட்டுப் பெறுவோம்.